ஃபுட்போர்டையும் தூக்கிடுங்க

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மேனாம்பேட்டில் என் அக்கா வனஜா வீட்டு வாசலில் நிற்கிற ஒரு பிக்கப் வண்டியிலிருந்து வந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. இந்த நிமிஷம் அதன் இடதுபக்கக் கதவு திறந்திருக்கிறது. தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அக்கா வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு மணிக்குப் பூந்தமல்லியில் அவளுக்கு டயாலிசிஸ். இப்போது மணி ஒன்பதேகால். அவளால் வண்டியில் ஏற முடியவில்லை.

நான் உள்ளே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடமாட ஒத்தாசை செய்யாமல் கதை எழுதுகிறாயே, மனுஷனா நீ என்று கேட்பீர்கள். ஒத்தாசை செய்யப் போய்த்தான் ஐயா இந்த நிலைமை.

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

'செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறக்கப்போகும் செய்தி வந்த அன்று, ஓய்வுபெற்ற ஃபிட்டர் கோவிந்தராஜ் தன் வண்டிக்கு அடியில் படுத்து—' வேண்டாம். செய்தித்தாள் நெடி அடிக்கிறது.

'இரும்புக்கும் மனம் உண்டு. அது—' அடச்சே.

'போன டிசம்பரில் வனஜா மூன்று நாள் படுக்கவே இல்லை.' இது உண்மை. இது இருக்கட்டும். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய உடம்பு அவளுடையது. அந்த வெள்ளத்தில் ஒரு முறை தவறிப்போனது. நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் தெருக்காரர்கள் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிப் பெரிய ரோடு வரைக்கும் கொண்டுபோனார்கள். நல்லவர்கள்தான். ஆனால் போன் எடுத்து வீடியோ பிடித்தவர்களும் அதே தெருக்காரர்கள்தான். அதற்கப்புறம் ஆறு மாதம் அக்கா பால் வாங்கக்கூட வாசலுக்கு வரவில்லை.

(இந்தப் பத்தியை அவளிடம் படித்துக் காட்டப்போவதில்லை.)

3

கோவிந்தராஜை ஒரு பாத்திரமாக நம்புவதற்கு எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது. என் அக்காவின் கணவர். ஆவடியில் ராணுவ டேங்க் செய்கிற இடத்தில் முப்பத்திரண்டு வருஷ வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்து, மேனாம்பேட்டில் வீடு கட்டியவர். எதையும் அளக்காமல் பேசமாட்டார். இப்படி ஒரு ஆளைக் கதையில் வைத்தால் வாசகர்கள் போரடிக்கிறது என்பார்கள். சொல்லட்டும். அந்த நாற்காலி ஊர்வலத்துக்குப் பிறகு அவர் கோபத்தைக் காட்டியது ஒரே விதத்தில்தான். பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். அதைத் தண்ணீரில் போகிற மாதிரி உயர்த்த முடிவு செய்தார்.

அதற்கு 'லிஃப்ட் கிட்' என்று ஒரு பெட்டி வருகிறது. முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே வைக்க ஒரு தடித்த வளையம், பின்பக்கத்துக் கமான் பட்டைகளோடு சேர்த்துக் கட்ட இன்னொரு பட்டை, நீளமான யு போல்ட்டு, நீளமான ஷாக் அப்சார்பர். அத்தனையும் போட்டால் வண்டி இரண்டு அங்குலம் உயரும். மூன்று அங்குலத்துக்கும் கிட் இருந்தது. அத்தான் இரண்டு போதும் என்றார். ஏனென்று கேட்டதற்கு அக்காவின் முட்டியைக் காட்டினார்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் பூபாலனிடம் சனிக்கிழமை வண்டியை விட்டோம். அன்று மதியம் கோவிந்தராஜ் பூபாலனுக்குப் போன் செய்து, கதவடியில் கால் வைத்து ஏறுகிற ஃபுட்போர்டைப் பற்றி—

4

பொய். போன் செய்தது நான்.

இந்த இடத்தை மூன்று தடவை அத்தான் பெயரிலேயே எழுதிப் பார்த்தேன். கதை நன்றாகத்தான் ஓடியது. அவர் ஆத்திரப்பட்டார், பூபாலன் எதிர்த்துப் பேசினான், நான் ஓரமாக நின்று நுட்பமாகக் கவனித்தேன். ஆனால் கதவு வழியாகப் பார்த்தால் அத்தான் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் தலையில் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இது. சனிக்கிழமை அக்காவுக்கு டயாலிசிஸ். அத்தான் அவளோடு இருந்தார். அங்கிருந்து எனக்குப் போன்.

"மாப்ளே, பூபாலன்கிட்ட ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லிரு. வண்டியத் தூக்குதான்லா, ஃபுட்போர்ட ரெண்டு இஞ்ச் இறக்கச் சொல்லு."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான கணக்கு. வண்டி இரண்டு அங்குலம் மேலே, படி இரண்டு அங்குலம் கீழே. தண்ணீருக்கு வண்டி உயரம், அக்காவின் காலுக்குப் படி பழைய உயரம்.

எனக்கு அது புரியவில்லை. நான் பாடப்புத்தகம் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவன். ஒரே வாக்கியத்தில் ஒரு வண்டி மேலேயும் கீழேயும் போனால் என் கை சும்மா இருக்காது. அத்தான் அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நானே முடிவு செய்தேன். வெள்ளத்துக்காக உயர்த்துகிற வண்டியில் யாராவது எதையாவது இறக்குவார்களா? திருத்தினேன். பூபாலனைக் கூப்பிட்டு, "ஃபுட்போர்டையும் தூக்கிடுங்க" என்றேன்.

அவன் கழற்றி எறிந்துவிட்டான்.

5

நேற்று மாலை மழையில் வண்டியை எடுத்து வந்ததும் நான்தான். ஏறும்போது கால் எட்டவில்லை. உயரம்தானே கேட்டார்கள் என்று திருப்தியாகக்கூட இருந்தது. என்னைப் போன்ற ஒரு பாத்திரத்தை வேறு யாராவது எழுதியிருந்தால், இவ்வளவு மண்டு உண்டா என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

காலையில் அத்தான்தான் படி இல்லாததைப் பார்த்தார். உடனே பூபாலனுக்குப் போன் போட்டேன்.

"இன்னா சார், நீதானே தூக்கிடுன்னு சொன்ன?"

"தூக்குன்னா உயர்த்தி மாட்டறதுப்பா!"

"வண்டியத் தூக்குனா அதுவும் கூடவே ஏறிக்கினு வந்துடும் சார். அத்த இன்னா தனியா தூக்கறது? தனியா தூக்குன்னா கழட்டுன்னுதான் அர்த்தம். ஆவடி, பட்டாபிராம், எங்க வேணா போய்க் கேளு."

"சரி, அது இப்ப எங்க?"

"காயலான் கடைக்காரன் நேத்தே அள்ளிகினு போய்ட்டான் சார்."

"இப்ப வந்து ஏதாவது ஒரு படி வெல்டிங் வெச்சுக் குடுக்க முடியுமா? அக்கா ஏறணும். டயாலிசிஸ்."



"ஷெட்டுல முட்டித் தண்ணி கீது சார், கரண்டும் இல்ல. அக்கா ஏற வண்டின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அதுல கையே வெச்சிருக்க மாட்டேனே சார்."

பூபாலன் மேல் இரண்டு பக்கத்துக்கு எரிச்சலை எழுதி வைத்திருந்தேன். அத்தனையையும் அடித்துவிட்டேன். அவன் சொல்வதில் பிழை இல்லை. ஒரு வார்த்தையைக்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை.

6

இனி முடிவு. மாற்று முடிவுகள் தரலாம் என்று இருந்தேன். எதுவும் நிற்கவில்லை.

முதல் முடிவு: அக்கா மேலே இருக்கும் பிடியைப் பிடித்துத் தொற்றி ஏறுகிறாள். (முடியாது. இந்தக் கதவில் ஏறும்போது பிடி இடது கைக்கு வரும். டயாலிசிஸ் ஊசி ஏற்ற நரம்பை இணைத்துத் தைத்திருப்பது அந்தக் கையில்தான். அதில் பாரம் தாங்கக்கூடாது, யாரும் அழுத்திப் பிடிக்கவும் கூடாது.)

இரண்டாவது: செங்கல் அடுக்கி ஏறலாமே? இதை நீங்கள் ரொம்ப நேரமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. அடுக்கினோம். தண்ணீருக்கடியில் சேறு. அத்தான் மிதித்துப் பார்த்தபோதே சரிந்தது. ஸ்டூலும் போட்டாகிவிட்டது, ஒரு கால் புதைந்துவிட்டது. வண்டியை வராந்தாப் படியோடு ஒட்டி நிறுத்தலாமே என்றால், கேட் அவ்வளவு அகலம் இல்லை. ஆட்டோ எதுவும் வரவில்லை. ஆம்புலன்ஸ்காரர் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், தண்ணீர் வடிந்தால் வருகிறேன் என்கிறார். போதுமா?

மூன்றாவது: அத்தான் அவளைத் தூக்கி உட்கார வைக்கிறார். உணர்ச்சிகரமான முடிவு, படம்கூடப் போடலாம். அதைத்தான் அத்தான் சொல்லிப் பார்த்தார்.

"வனஜா, ஒரு நிமிஷம். பொத்துனாப்ல தூக்கி வெச்சிருதேன்."

"என்னை யாரும் தூக்கக்கூடாது."

"நான் ஒம் புருசன்ட்டி."

"யாரா இருந்தாலும். போன தடவ தூக்குனது போதும். மூட்ட மாரி தூக்கிட்டுப் போயித்தான் என்னைப் பொழைக்க வைக்கணும்னா வேண்டாம்."

அத்தான் போய் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னை இதுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். மணி ஒன்பது ஐம்பது. தண்ணீர் வராந்தாவின் முதல் படியைத் தொட்டுவிட்டது. கதையை முடிக்காமல் வைத்திருந்தால் மணியும் ஓடாது என்கிற அசட்டு நினைப்பில்தான் நான் இத்தனை பக்கம்—

7

"ஏலே, எழுதுனது போதும். இங்க வா."

அக்காதான். எழுந்து போகிறேன். அவள் தண்ணீரில் இறங்கி வண்டிக் கதவோரம் நிற்கிறாள். வலது கையால் அத்தானின் தோளைப் பிடித்திருக்கிறாள்.

"தூக்கவா?"

"ஒன்னைத் தூக்கவா சொன்னேன்? குனி. மண்டி போட்டு நல்லாக் குனி. நான் ஏறிக்கிடுதேன்."

குனிகிறேன். இரண்டு முட்டியும் முழங்கையும் சேற்றில். முதுகு ஒரு படி உயரத்துக்கு வந்திருக்கும். மூக்குக்கு நாலு விரல் கீழே தண்ணீர். (மண்டி போட்டுக்கொண்டு எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் நான் செய்த மற்ற காரியங்களைவிட இது ஒன்றும் மோசமில்லை.)

"வலிக்குதாலே?"

"இல்லக்கா."

"ஆடாத."

ஒரு கால் வந்துவிட்டது. முதுகின் நடுவில் அக்காவின் வீங்கிய பாதம், குளிர்ந்து, ஈரமாக. முன்பு எவ்வளவு கனமாக இருந்தவள், இப்போது பாரமே இல்லை. அத்தான் "மெதுவா, மெதுவா" என்கிறார். சீட்டைப் பிடிக்கிற சத்தம் கேட்கிறது. இரண்டாவது கால் தரையிலிருந்து கிளம்பிவிட்டது, ஆனால் எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. மேலே மூச்சு வாங்குகிறது. அது அவளா, அத்தானா?

நான் தலையைத் தூக்கினால் முதுகு ஆடும். ஆடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிவதெல்லாம் கலங்கின தண்ணீர்தான். நீங்கள் நிமிர்ந்து நிற்கிறீர்கள், உங்களுக்கு எல்லாம் தெரியும். பார்த்துச் சொல்லுங்கள். ஏறிவிட்டாளா?