தண்ணீருக்குள் போன அம்பு

அண்ணிக்கு வில் என்றால் உயிர். தோள்பட்டைத் தசைநார் கிழிந்த பிறகு, பெரிய வில்லை இனி நினைத்தும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வில் அலமாரியின் மேல் ஏறியது. அண்ணியின் கோபம் மூக்கின் மேல் ஏறியது.

“தண்ணிக்குள்ள சின்ன வில்லே போதும் அண்ணி. கையைத் தண்ணி தாங்கிக்கும்” என்றான் கொழுந்தன். கப்பலின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டும் முக்குளிப்பு வேலை அவனுக்கு. டாக்டரும் அரைமனதாகத் தலையாட்டினார்.

நைலான் நாண் போட்ட குட்டி வில். மரமும் இறகும் மிதந்துவிடும் என்பதால் இரும்புக் கம்பியில் அம்பு, அதன் வாலில் கயிறு. முதுகில் காற்று சிலிண்டர், மிதக்காமல் அமிழ்ந்து நிற்க இடுப்பில் ஈயக்கட்டிகள். மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்டதுபோல் இத்தனை சாமான் எதற்கு என்று அண்ணி அலுத்துக்கொண்டாள்.

ஒரு வாரமாக நீச்சல் குளத்தின் ஆழப் பகுதியில் பயிற்சி. அம்பு ஒவ்வொன்றும் குறியாக வைத்த ரப்பர் பலகையில் படாமல் அதற்கு மேலேயே போனது. இன்றும் அதே கதை. அண்ணி மேலே வந்து வாய்க்குழாயைத் துப்பினாள்.

“வில்லு கோணலா இருக்குடா. இன்னைக்கும் படலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். அலமாரி மேல இருக்கறதையும் சேர்த்து.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நாணை இழுத்ததும் மூச்சைப் பிடிக்கிறீங்க அண்ணி. நெஞ்சு நிறையக் காத்து, உடம்பு பலூன் மாதிரி மேல வருது. அம்பும் கூடவே வருது. சிலிண்டர் போட்டா மூச்சைப் பிடிக்கவே கூடாது, ஆபத்துன்னு முதல் நாளே தொண்டை கிழியச் சொன்னேனே!”

அண்ணிக்குச் சுருக்கென்றது. தரையில் மூச்சைக் கட்டித்தான் அவள் அம்பு விட்டுப் பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா?

மறுபடி இறங்கினாள். நாணை இழுத்தாள். மூச்சு பழக்கப்படி தானாக நிற்கப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்காமல் மெல்ல வெளியே விட்டாள். முகமூடியை உரசிக்கொண்டு குமிழிகள் ஏறின. உடம்பு அசையாமல் நின்றது. அந்த மூச்சின் நடுவிலேயே விரல்களைத் தளர்த்தினாள்.

அம்பு போனது. போவதை அவள் பார்த்தாள். தரையில் விட்ட எந்த அம்பும் கண்ணுக்கு அகப்பட்டதில்லை. விட்டதும் மறைந்து, குறியில்தான் மறுபடி தெரியும். இது வெள்ளிக் குமிழிகளை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், அவள் கண்ணெதிரே நீரைக் கிழித்துப் போனது. பலகையில் பட்ட சத்தம் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் அவள் மண்டைக்குள்ளேயே கேட்டது. இத்தனை காலம் தான் விட்டது இதைத்தானா என்று மெய்சிலிர்த்துப் போனாள்.

மேலே வந்து முகமூடியைக் கழற்றினாள். கண்ணில் வழிந்தது குளத்துத் தண்ணீர் அல்ல.

“ஓரத்துலதான் பட்டுது அண்ணி” என்றான் அவன் தயங்கி.

“படட்டும். அது போறதைப் பாத்தேன்டா!” என்று தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வலிக்கவில்லை. “கயித்தை இழு. அம்பைக் குடு.”