அகலம் போதாத தெரு

"இன்னிக்கு உன் ஆபீஸுக்குக் கம்பெனிக்காரங்கல்லாம் வர்றாங்களாமே? வாயத் தொறந்து சொல்லேன்க்கா!" முத்துமாரி தோசைக் கரண்டியை அடுப்பு மேடையில் ணங்கென்று போட்டாள். "நம்ம தெருவுக்குள்ள பஸ்ஸு வரணும். வேற இன்னா கேட்டுட்டேன் நானு?"

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்து ராத்திரி தங்கிவிட்ட ஹேமலதா தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தங்கை கேட்டதில் தப்பே இல்லை. அவளுக்கு ஏழாம் மாதம். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை. கம்பெனி பஸ் ஊரிலுள்ள தெருவுக்கெல்லாம் வளைந்து நெளிந்து போய், வீட்டு வாசலிலேயே பெண்களை ஏற்றும். ஓடைத் தெருப் பெண்களுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. அவர்கள் ஹைவே வரைக்கும் நடந்து வந்து கடைசியாக ஏற வேண்டும். அதற்குள் சீட்டெல்லாம் நிரம்பிவிடும். வீங்கின காலோடு கம்பெனி வரைக்கும் நின்றுகொண்டேதான் போவாள் முத்துமாரி.

"உடுடீ மாரி, அவளுக்கு அங்க இன்னா கஷ்டமோ," என்றாள் அம்மா அமிர்தவள்ளி.

அம்மா பரிந்து பேசியதுதான் ஹேமலதாவுக்கு நெஞ்சில் குத்தியது. அங்கே ஒரு கஷ்டமும் இல்லை. இதே ஊர் நகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் வேலை, தள்ளியிருக்கிற சத்துவாச்சாரியில் வாடகை வீடு. சொந்த ஊரே சத்துவாச்சாரிதான் என்று ஆபீஸில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று அவள் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்தால்கூடத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவாள்.

கூட்டம் தடபுடலாக நடந்தது. நகரத்தின் பொருளாதார வளர்ச்சித் திட்டமாம்! தனியார் துறையைக் கேட்டுத்தான் தீட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தோல் ஏற்றுமதிக்காரர்கள், பிரியாணிக் கடை முதலாளிகள், ஷூ கம்பெனி மேனேஜர் சீனிவாசன் என்று பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் முந்திரி பக்கோடாவைக் கொறித்தபடி ஊரின் தலையெழுத்தை எழுதினார்கள். அந்த ஊரில் தோலை ஊறவைத்து, சுரண்டி, சாயம் ஏற்றுகிறவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே நாற்காலி போடவில்லை.

பெண் தொழிலாளர் போக்குவரத்து என்ற பேச்சு வந்தபோது ஹேமலதா மெல்லக் கேட்டாள். "சார், ஓடைத் தெருவுக்குள்ள மட்டும் பஸ் போறதில்லையே?"

சீனிவாசன் நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். "போலாம் மேடம். ஆனா அவங்க மொதல்ல ஏறி உக்காந்துட்டா, மத்த பொண்ணுங்க வீட்ல பேஜார் பண்றாங்க. டேனரில தோல் ஊறவைக்கிற ஆளுங்க தெரு பாருங்க. ஹைவேல கடைசியா ஏத்திக்கிட்டா நின்னுக்கினே வந்துடுவாங்க, ஒரு தகராறும் இல்ல. நீங்க நம்ம ஆளு, உங்களுக்குப் புரியும்."

ஹேமலதா சிரித்து வைத்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பு! 'என் தங்கச்சி சார் அது' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டாள்.

"இத எப்படிங்க ரிப்போர்ட்ல போடறது?" என்று கமிஷனர் தலையைச் சொறிந்தார். எல்லாரும் அவள் பக்கம் பார்த்தார்கள். எழுதுகிறவள் அவள்தானே.

"ரோடு அகலம் கம்மின்னு போட்டுக்கலாம் சார்," என்றாள் ஹேமலதா.

எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது. கமிஷனர் சபாஷ் என்று பாராட்டியும் விட்டார்.

அடுத்த மாதமே அந்தப் பொய்க்குக் கை கால் முளைத்தது. சர்வேக்காரர்கள் ஓடைத் தெருவுக்கு வந்து வீட்டு முகப்பிலெல்லாம் எதுவரை இடிப்பது என்று சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அகலம் கம்மி என்றால் அகலப்படுத்த வேண்டியதுதானே! அம்மா டேனரியில் சுண்ணாம்புத் தண்ணீரில் கை வெந்து சம்பாதித்துக் கட்டிய முன் அறை, முத்துமாரி பிள்ளை பெற்று வந்து படுக்க வெள்ளையடித்து வைத்திருந்த அறை, அந்தக் கோட்டுக்குள் போய்விட்டது.

"ரோடு சின்னதுன்னு எவன்கா எழுதுனான்? தண்ணி லாரி வர்ற ரோடு! ஓட்டு கேக்க வேனு வர்ற ரோடு!" என்று போனில் அழுதாள் முத்துமாரி. "நீ ஆபீஸ்ல தான இருக்க, கொஞ்சம் கேட்டு சொல்லுக்கா."

கேட்டுச் சொல்கிறேன் என்றாள் ஹேமலதா. போனை வைத்தபின் ஆபீஸ் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசி, கண்ணாடியைப் பார்க்காமலே முகம் கழுவினாள்.

திட்டத்துக்கு ஒப்புதல் தரும் கூட்டத்தில் சீனிவாசனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "ரோடு அகலமானா கன்டெய்னர் லாரி நேரா எங்க குடோனுக்கே வந்துடும். நல்ல ஐடியா மேடம்!"

"அப்ப பஸ்ஸும் உள்ள வரும்ல சார்?" என்றாள் ஹேமலதா.

"பஸ் ஹைவேலயே நிக்கட்டும். இருக்கற பழக்கத்த ஏன் கெடுக்கணும்?"

ஹேமலதா எழுந்தாள். "ரோடு சின்னது இல்ல சார். தண்ணி லாரியே போய்த் திரும்புது. பொய் சொன்னது நான்தான். அது நான் பொறந்த தெரு. நின்னுக்கினே வர்ற பொண்ணுங்கள்ல ஒருத்தி என் கூடப் பொறந்த தங்கச்சி. ஏழு மாசமா இருந்தா அப்போ, இப்ப எட்டு. பஸ்ஸு எதுக்கு உள்ள வர்றதில்லன்னு சார் அன்னிக்கு சொன்னாரே, அத அப்படியே ரிப்போர்ட்ல போடுங்க."

சீனிவாசன்தான் முதலில் சுதாரித்தார். தாராள மனசோடு சிரித்தார்.

"அடடே, என்ன மேடம் நீங்க! உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்லையே!"

பாராட்டாகத்தான் சொன்னார் பாவம். இந்த ஒரு பாராட்டுக்காகத்தான் அவளும் இத்தனை வருஷம் பாடுபட்டிருந்தாள். கிடைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

"தெரியாமப் பாத்துக்கினேன் சார்," என்றாள். "அதையும் சேத்து எழுதிக்குங்க."