இடாப்பில் இல்லாத ஏழு பேர்

நூறு வாக்காலே தோற்றிருக்கக் கூடாதா? இருநூறு, முந்நூறு என்று தோற்றிருந்தால் யாருக்கு என்ன? எங்களால்தான் என்று ஒருவரும் சொல்ல ஏலாதே.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சிவகௌரியின் மனம் இப்படி ஓடியது. ஓடிய மாத்திரத்தில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷி தோற்றது போதாதென்று, இன்னும் மோசமாகத் தோற்றிருக்கலாமே என்று நினைக்கிற மனம் என்ன மனம்?

செய்தியைக் கொண்டுவந்தவர் கணவர் தியாகராஜா. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று சொன்னார்.

"இஞ்சேரும், பஸ்காரி தோத்துப்போனா. பதினொரு வோட்டாம். ரெண்டுதரம் எண்ணினவையாம்."

"ஆர் சொன்னது?"

"பேப்பர்க் கடைக்காரன். வரேக்க ஆளையும் கண்டன். யூனிபோர்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிக்கிறா. தோத்த அடுத்த நாளே வேலைக்குப் போற அரசியல்வாதியை இப்பதான் காணுறன்."

அவர் சிரித்தார். சிவகௌரி வெங்காயத்தைச் சாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ்காரி என்று தமிழர் வீடுகளில் பேசப்பட்டவர் மிஸ் கிளார்க். பார்படோஸ் தீவிலிருந்து வந்து இருபத்துநான்கு வருடமாக லண்டன் பஸ்ஸில் நடத்துநராக இருந்தார். வால்தம்ஸ்டோவில் சிவகௌரியின் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அந்த 1986 மே மாதம் கவுன்சில் தேர்தலில் நின்றவர். அந்தத் தெருவிலிருந்து ஒரு கறுப்புப் பெண் தேர்தலில் நின்றது அதுவே முதல் தடவை.

சிவகௌரிக்கு அவர் வெறும் அயலவர் இல்லை. ஜனவரியில் ஒரு விடியற்காலை, யாரோ இந்த வீட்டுக் கடிதத் துவாரத்துக்குள்ளால் பெற்றோலில் தோய்த்த துணியைக் கொளுத்திப் போட்டார்கள். முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்ட மிஸ் கிளார்க்தான் புகையைக் கண்டு கதவை இடித்தார். தன் யூனிபோர்ம் கோட்டைக் கழற்றி நெருப்பை அடித்து அணைத்தார். பிறகு பொலிஸ் நிலையத்துக்கும் கூடவே வந்தார். அங்கே இருந்தவர் "பிள்ளைகளின் குறும்பு" என்று எழுதப் போனபோது, "நீங்கள் சரியாக எழுதும் வரைக்கும் இந்தப் பெண்ணும் நானும், உட்கார்ந்திருக்கும் இந்த வாங்கிலிருந்து எழும்பப் போவதில்லை" என்றார். நாலு மணித்தியாலம் எழும்பவில்லை. அன்றைய சம்பளத்தை அவர் இழந்தார்.

அப்படிப்பட்ட மனுஷிக்குச் சிவகௌரி மூன்று தடவை பொய் சொல்லியிருந்தாள்.

முதற்பொய் நெருப்புக்கு முந்தின ஒக்ரோபரில். வாக்காளர் பெயர்களைப் பதியும் இடாப்புக்கான படிவம் வீடு வீடாக வந்தபோது மிஸ் கிளார்க்கும் வந்து விளக்கினார். இலங்கை பொதுநலவாய நாடு; ஆகவே பாஸ்போட் எதுவானாலும் இங்கே வாக்குண்டு. "கல் எறிகிறவனுக்கு நாங்கள் எல்லோரும் கறுப்பர்தான். வாக்குப் போடும்போதும் ஒன்றாக இருந்தால் என்ன?" என்று கேட்டார்.

அவர் போனதும் தியாகராஜா, "நாங்கள் மாநிறம் எண்டு எழுத அந்தப் போர்மில இடமிருக்கோ?" என்று பகிடி விட்டார். மாடியில் குடியிருந்த ஐந்து பெடியன்களும் சிரித்தார்கள். கணவன், மனைவி, அந்த ஐவர் என்று வீட்டில் ஏழு பேர். சிவகௌரி படிவத்தை எடுத்து, 'வாக்களிக்கத் தகுதியானோர் எவரும் இல்லை' என்று எழுதி அனுப்பினாள். மிஸ் கிளார்க்கிடம் "எழுதிப் போட்டோம்" என்றாள்.

இரண்டாவது பொய் நெருப்புக்குப் பிறகு. பெப்ரவரியில் அச்சிட்ட இடாப்புடன் வந்த மிஸ் கிளார்க், "உங்கள் வீடே இதில் இல்லையே" என்றார். "கவுன்சில் விட்ட பிழை" என்றாள் சிவகௌரி. பிந்திச் சேர்ப்பதற்கான வேறொரு படிவத்தைக் கொடுத்து, நாளைக்கே தபாலில் போடச் சொல்லிவிட்டு, மிஸ் கிளார்க் தன் தேர்தல் அட்டையில் ஏழு பெயர்களையும் கையால் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். படிவம் அரிசி மூட்டைக்கடியில் போயிற்று.

மூன்றாவது நேற்று. வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போகக் காருடன் வந்து கதவைத் தட்டியவரிடம், மேல் யன்னலைத் திறந்து, "காலையிலேயே போய்விட்டு வந்துவிட்டோம்" என்றாள். மிஸ் கிளார்க் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்.

ஏன் இந்தப் பொய்? அதைச் சிவகௌரி ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், பக்கத்து வீட்டுச் சாமான் அறைக்குள் ஒளிந்திருந்தபோது வெளியே ஒருவன் உரத்து வாசித்தது அவளுக்குக் கேட்டது. கையில் வாக்காளர் இடாப்பு. வீட்டு இலக்கம், தியாகராஜா, சிவகௌரி. தன் பெயரை முன்பின் தெரியாதவன் அவ்வளவு சுத்தமாக உச்சரிப்பதை அவள் கேட்டாள். பிறகு கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அன்றையிலிருந்து, தன்னால் இயன்ற வரை, எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் கொடுப்பதில்லை.

தன் பயத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக்கொடுப்பவள் அவள். அங்கே பிள்ளைகளை விட வரும் தவமலரிடமும் கலாவதியிடமும், "உந்த இடாப்பில பேர் குடுத்திடாதேங்கோ. எங்க போய் முடியுமெண்டு எனக்குத் தெரியும்" என்று காதோடு சொல்லி வைத்திருந்தாள். அவர்களும் இதே தெரு. அந்த இரண்டு வீட்டிலும் ஒன்பது பேர்.

பதினொரு வாக்கு.

அன்று பின்னேரம் வரை பொறுத்துப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடி வைத்தாள். ஐந்து மணிக்கு கோட்டை மாட்டிக்கொண்டு போய் நாலாவது வீட்டு மணியை அடித்தாள்.

மிஸ் கிளார்க் கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்தபடி இருந்தார். தேர்தல் அட்டைகள் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. "வா, தேநீர் நீயே போட்டுக்கொள். என் கால் இன்றைக்கு என்னுடையதில்லை" என்றார்.

சிவகௌரி உட்காரவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நின்றபடியே, மூன்று பொய்யையும் சொன்னாள். இடாப்பை ஒருவன் வாசித்ததைச் சொன்னாள். தவமலர் வீட்டையும் கலாவதி வீட்டையும் சொன்னாள். அழக் கூடாது என்று நினைத்து வந்தவள், அழவுமில்லை.

மிஸ் கிளார்க் வாளியிலிருந்து கால்களை எடுத்தார். துவாயை எடுத்து ஒவ்வொரு காலாகத் துடைத்தார்.

"என் அம்மா கரும்பு வெட்டுகிறவள்," என்றார் கடைசியில். "சொத்துள்ளவனுக்குத்தான் வாக்கு என்று இருந்த காலம். நாற்பத்தாறு வயதில்தான் முதன்முதலாக வாக்குப் போட்டாள். தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள். தோட்டத்துக் கங்காணி வாசலில் நின்று யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் பயம்தான்."

"என்னை மன்னியுங்கள்."

"பயம் என்று சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். இருந்து பேசியிருப்போம். நீ ஏழு வாக்கு என்றாய். அந்த ஏழு வாக்கை நம்பி நான் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன்." அவர் குரல் உயரவில்லை. "இன்றைக்கு உன்னை மன்னிக்க எனக்குத் தெம்பில்லை, சிவா. போய்விட்டு வா. வேறொரு நாளைக்குப் பார்ப்போம்."

சிவகௌரி வீட்டுக்கு வந்தாள். திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும் என்று பட்டது. உண்மையைச் சொன்னதும் பாரம் இறங்கிவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இறங்கவில்லை. பாரம் இன்னதென்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபாரத்தினம் வந்தார். தமிழ்ச் சங்கத் தலைவர். பள்ளிக்கூடம் நடப்பதும் அவர் வீட்டு முன்னறையில்தான். முப்பத்திரண்டு பிள்ளைகள், இடம் போதாமல் சிவகௌரியின் வகுப்பு மாடிப்படிகளில் நடக்கும். படிக்கு இரண்டு பிள்ளை. மணி அடித்தால் உருண்டு விழாமல் இறக்குவதே ஒரு வேலை.

"தங்கச்சி, நல்ல செய்தியோட வந்திருக்கிறன். முதல்ல ஒரு தேத்தண்ணி தாரும்," என்றவர், கதிரையில் சாய்ந்து, தட்டச்சு செய்த கடிதமொன்றை மேசையில் விரித்தார். "வெண்ட கவுன்சிலரோட கதைச்சனான். சனிக்கிழமையில கொம்யூனிற்றி ஹோலை எங்கட பள்ளிக்கூடத்துக்குத் தரப் பாக்கிறாராம். சும்மா இல்லை, மேடையோட. கலைவிழாவும் வைக்கலாம்."

"உண்மையாவோ?" சிவகௌரியின் முகம் மலர்ந்தது. சுவரில் கரும்பலகை தொங்க, பிள்ளைகள் கதிரைகளில் இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டாள்.

"ஒரு சின்னக் கடிதம் மட்டும் வேணுமாம், பஸ்காரி அடுத்தமுறையும் நிக்காமல் இருக்க. நீர்தான் ஒப்பம் வைக்கவேணும். உம்மட வீட்டு விசயமெல்லே."

அவள் வாசித்தாள். நல்ல ஆங்கிலம். இப்பகுதித் தமிழ் மக்கள் யாவருடனும் சமாதானமாக வாழ்கிறார்கள். ஜனவரியில் நடந்தது சிறுவர்களின் குறும்பே. மிஸ் கிளார்க் அதைத் தன் அரசியலுக்காகப் பெரிதாக்கினார். கறுப்பர் எனத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் அமைப்புகளில் தமிழர் சேர்ந்தவர்கள் அல்லர். அவருக்கு எங்கள் பெயரில் பேச உரிமையில்லை.

"இது பொய்யெல்லே, அண்ணை."

"பொய்யெண்டு ஆர் சொன்னது? குறும்புதானே. கொஞ்சம் பெரிய குறும்பு." சபாரத்தினம் தானே சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரும். நாங்கள் படிச்ச சனம். காப்பிலியளோட, உந்தக் கறுப்பரோட, சேர்ந்து நிண்டால் எங்களையும் அந்த வரிசையிலதான் வைப்பாங்கள். அவையின்ர பிரச்சினை அவையோட போகட்டும். எங்களுக்கென்ன?"

தியாகராஜா பேனாவை எடுத்து மனைவியின் பக்கம் நகர்த்தினார். "இஞ்சேரும், பள்ளிக்கூடத்துக்கு இடம் கிடைக்குதெல்லே?" என்றார். அவர் குரலிலும் முழு நம்பிக்கை இல்லை.

எங்களுக்கென்ன. அந்தச் சொல்லை அவள் முன்னரும் கேட்டிருக்கிறாள். எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

"அண்ணை, எனக்குப் பத்து வயசிருக்கும்," என்றாள். "மலைநாட்டில தேயிலைத் தோட்டத்துச் சனத்தின்ர வோட்டைச் சட்டம் போட்டுப் பறிச்சாங்கள். எங்கட ஐயா பேப்பரை வாசிச்சுப்போட்டு மடிச்சு வச்சிட்டு, 'அது தோட்டக்காட்டாரின்ர பாடு, எங்களுக்கென்ன' எண்டவர். நல்ல மனுசன். ஒருத்தருக்கும் கெடுதல் நினையாதவர். நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் இருந்தம். முப்பத்தைஞ்சு வருசத்தில எங்கட வாசலுக்கு வந்தாங்கள். எங்களுக்காகக் கதைக்க ஆர் மிஞ்சியிருந்தது?"

"அது வேற, இது வேற. பழசைக் கிளறாதேயும்."

"வேறயில்லை அண்ணை. பழசை மறந்துதான் நான் இந்த முறை பிழை விட்டனான். எனக்கு நடந்ததை மட்டும் ஞாபகம் வச்சிருந்தன். நாங்கள் செய்யாமல் விட்டதை மறந்துபோனன்." அவள் பேனாவைத் தொடவில்லை. "ஒதுங்கி நிக்கிறதும் ஒரு வோட்டுத்தான், அண்ணை. அது எப்பவும் அடிக்கிறவன்ர பெட்டிக்குள்ளதான் விழும். என்ர வீட்டு ஏழும் இந்த முறை அங்கதான் விழுந்தது. நான் சொல்லிக் குடுத்த ஒன்பதும் அங்கதான்."

சபாரத்தினத்துக்கு இது எதிர்பாராத பேச்சு. தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பிள்ளையள் படியில இருந்து படிக்கட்டும் எண்டுறீர்?"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுட்டது. கடைசிப் படியில் எப்போதும் இடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் முகங்கள் வந்து போயின.

"இருக்கட்டும். ஏன் படியில இருக்கிறம் எண்டு பிள்ளையள் கேட்டால் காரணத்தை நானே சொல்லுறன். ஹோலை நேர போய்க் கேப்பம். உரிமையாக் கேப்பம். அடுத்த இடாப்பில பேரைப் போட்டுட்டுக் கேப்பம். ஒரு மனுசியை வித்துப்போட்டு வேண்டாம்."

தியாகராஜா பேனாவைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சபாரத்தினம் கடிதத்தை மடித்து எழுந்தார். வாசல் வரை போனவர் நின்று, கோபத்தை அடக்கிக்கொண்டு, தன்மையாகவே கேட்டார்.

"சரி, ஒப்பம் வைக்க வேண்டாம். சங்கத்தின்ர பேரில நான் அனுப்புறன். ஆரும் வந்து கேட்டால் நீர் ஒண்டும் கதையாமல் இரும். அவ்வளவு காணும். அதையாவது செய்வீர்தானே?"

சிவகௌரி கதவை அவருக்காகத் திறந்து பிடித்தாள்.

"அதுவும் ஏலாது, அண்ணை," என்றாள் மெதுவாக.