மேனகாவுக்கு வராத குரல்கள்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகையாக வந்தது. அனுப்பியவர் நாகலூர் மேனகா. நான் திறக்கவில்லை. உஷாரான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணம் என்றாலே எனக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

பத்திரிகைக்குள் இருந்தது வைரஸ். மேனகாவுக்கு யாரிடமிருந்தோ வந்திருக்கிறது. அவர் திறந்ததும், அவர் போனில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரிலேயே போய்விட்டது.

2.

“ஏற்காடு மலைமேல் பனி மெல்ல இறங்கி...” (போதும். பனி இல்லாமல் இங்கே கதையே நடக்காதா?)

செல்போன் கடை. கடைக்காரர் ஆசியா. எதிரே மேனகா, பக்கத்தில் அவர் கணவர் ஜீவானந்தம், காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் சார்ஜர் வாங்கப் போனவன்.

“தெரியாத நம்பருங்கக்கா. எதுக்குத் தொட்டீங்க?”

“பத்திரிகை வெச்சிருக்காங்க. பிரிச்சுக்கூடப் பாக்கலீன்னா என்ன நெனைப்பாங்க கண்ணு?”

ஆசியா போனை வாங்கிப் பார்த்தார். பிரித்தே பார்க்காத நான் சார்ஜர்களைப் பார்த்தேன்.

3.

போனை முழுசாக அழித்தால்தான் வைரஸ் போகும். பேக்கப் எடுத்ததே இல்லை. வாட்ஸப்பைத் திறந்தால் உடனே மூடிக்கொள்கிறது. அதற்குள்தான் ஜீவானந்தம் மேனகாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தன. போன வருஷம் ஜீவானந்தத்துக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரி அலைச்சலில் அவருடைய போனும் தொலைந்தது.

(இங்கே ஜீவானந்தத்தைச் சாகடித்துவிட்டால் கதைக்குக் கனம் கூடுமே என்று யோசித்தேன். மனுஷன் அப்போதுதான் எனக்கும் சேர்த்துக் கைஜாடையில் டீ சொல்லியிருந்தார். வெட்கமாகிவிட்டது.)

அவர் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார்: ‘அழிச்சிரச் சொல்லு. நான் இங்கதான இருக்கறன்.’

“இருக்கறீங்க. எம்பேரச் சொல்லிக் கூப்புடுங்க, பாக்கலாம்,” என்றார் மேனகா.

ஜீவானந்தம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

4.

முடிவு அ: ஆசியா எல்லாக் குரலையும் மீட்டுவிடுகிறார். (பொய். போன் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: மேனகா போனை அணைத்து, பீரோவில் வைத்து, (இதுவும் வேண்டாம். பூட்டி வைத்த குரலை யார் கேட்பது?)

நடந்தது இதுதான். மேனகாவின் போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் ஆசியா தன் போனிலிருந்து எச்சரிக்கை அனுப்பினார். கூடவே ஒரு வரி: ‘ரைட்டரண்ணன் வாய்ஸ் மெசேஜ் உங்ககிட்ட இருந்தா அனுப்புங்க.’

ஒவ்வொன்றாக வந்தன.

மளிகைக்கடைச் செல்விக்கு அனுப்பியது: “அரிசி பத்துக் கிலோ போதுமான்னு ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க.”

ஜீப் டிரைவர் மெல்வினுக்கு: “நாளைக்கு வல்லீங்க மெல்வின். ஊட்டுல நொம்பக் காச்சலு. நான் பக்கத்துல இருக்கோணும்.”

(சேலம் பக்கத்தில் ‘ஊடு’ என்றால் வீடு. ஆண்கள் ‘ஊட்டுல’ என்றால் பெரும்பாலும் மனைவி.)

ஒன்றில்கூட மேனகா என்ற பெயர் இல்லை. ‘ஊட்டுல’ மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. மேனகா ஆசியாவின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்.

“இதெல்லாம் எனக்கு வந்ததே இல்லியே கண்ணு,” என்றார்.

ஆசியா கேட்டார். “இப்ப அழிச்சிரட்டுங்களாக்கா?”

மேனகா கணவரைப் பார்த்தார்.

“இரு கண்ணு. ஊட்டுல கேட்டுச் சொல்றன்.”

ஜீவானந்தம் சிரித்துக்கொண்டே காகிதத்தை எடுத்து எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது மேனகாவுக்கு எழுதியது.