கார் உள்ள வீடு

மத்தியானம் ஆகிவிட்டால் பள்ளியில் ஒன்றாகப் படித்த எங்கள் 'பத்து பி' வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: இன்னைக்கு சோத்துக்கு என்ன கூட்டான்? துபாயிலிருந்து ஜெனில் வறுத்த நெய்மீனைப் படமெடுத்துப் போடுவான். ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஜேஷ் வெறும் மரச்சீனிக்கிழங்கைப் போட்டு, "பிங்க் கார்டு ஸ்பெஷலாக்கும்" என்பான். இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் பிங்க் ரேஷன் கார்டு எங்களுக்குள் பழைய கிண்டல். வீட்டில் கார் இருந்தால் அந்தக் கார்டு கிடையாது. நான் டீச்சர், எனக்குச் சலுகை எதுவும் இல்லாத வெள்ளைக் கார்டு. அதற்கும் ஒரு கிண்டல் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை லேகா ஒரு படம் போட்டாள். பளபளக்கும் வெள்ளைக் காரில் சாய்ந்து நிற்கிறாள், கையில் ஈரத்துணி. கீழே, "எனக்க புது காரு. ஆருக்காவது லிஃப்ட் வேணுமா?"

"முதலாளி, பெட்ரோலுக்கும் ரேஷன் கடையிலதான் கியூவா?" என்றான் அஜேஷ்.

"மக்கா, டிரைவர் வேல உண்டுன்னா சொல்லு, துபாய விட்டுட்டு வாறேன்" என்றான் ஜெனில்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவள் கொழுந்தன் பிஜுவின் கார். உதியன்குளங்கரையில் டைல்ஸ் கடை, மாடி வீடு, அறைக்கு அறை ஏசி. அந்த வீட்டைத்தான் லேகா பெருக்கித் துடைத்து, காரையும் கழுவிக் கொடுக்கிறாள். அதே பிஜு பிங்க் கார்டை நீட்டி அரிசி வாங்குவதை ரேஷன் கடையில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். லேகாவின் கணவன் மோகனனுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பிங்க் கார்டு இருப்பதால்தான் அது காசில்லாமல் நடக்கிறது. மோகனனுக்கும் அதே கார்டு, பிஜுவுக்கும் அதே கார்டா?

படத்திலிருந்து லேகாவை வெட்டிவிட்டு, நம்பர் பிளேட் மட்டும் தெரிகிற மாதிரி ரேஷன் புகார் எண்ணுக்கு அனுப்பினேன். 'இந்தக் கார் உள்ள வீட்டில் பிங்க் கார்டு உண்டு. விசாரிக்கவும்.' யார் பெயரும் எழுதவில்லை. நம்பரை வைத்து அவர்களே கண்டுபிடிக்கட்டும், லேகாவுக்குக் குடும்பச் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரி நான்!

பதிமூன்று நாள் கழித்துக் குழுவில் லேகாவின் குரல் வந்தது. "எங்களுக்க கார்ட வெள்ளையா மாத்தியாச்சு மக்கா. வீட்டுல காரு உண்டாம்."

விளையாட்டென்று நினைத்து ஜெனில் சிரிப்புப் பொம்மை போட்டான். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லேகாவின் வீட்டுக்குப் பறந்தேன்.

மோகனன் கட்டிலில் படுத்திருந்தான். லேகா ரேஷன் ஆபீஸிலிருந்து வந்த ஒரு தாளை நீட்டினாள். நான் அனுப்பிய அதே கார் நம்பர். உரிமையாளர் என்ற இடத்தில் மோகனனின் பெயர்.

என்னால் நம்ப முடியவில்லை. மறுபடியும் படித்தேன்.

"ரெண்டு வருஷம் முன்ன பிஜு ஒரு கையெழுத்து கேட்டான்" என்றான் மோகனன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அவனுக்க பேருல காரு எடுத்தா அவனுக்க கார்டு போயிரும்ணு சொன்னான். தம்பியில்லியா, போட்டுக் குடுத்தேன்."

லேகாவுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. இனியும் மறைக்க என்னால் முடியவில்லை.

"லேகா, புகாரு அனுப்புனது நானாக்கும். பிஜுவ மாட்டிவிடணும்ணு அனுப்பினேன்."

செருப்பால் அடிப்பாள் என்றுதான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மோகனனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உள்ளத ரேஷன் ஆபீஸுல போய்ச் சொல்லுவோம்" என்றேன்.

"சொன்னா அவனுக்க கார்டு போயிருமே" என்றான் மோகனன்.

மறுநாள் காலையில் இவனுக்கு டயாலிசிஸ். அதை எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவனோ தம்பியின் கார்டுக்குக் கவலைப்படுகிறான்.

"ரெண்டு வருஷமாட்டு நமக்கு காரு உண்டு" என்றாள் லேகா. சத்தமே எழும்பவில்லை. "அதக் கழுவ நான் தினமும் நடந்தாக்கும் போனேன்."

பிறகு தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போய் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஆபீஸு அடைக்கும் முன்ன போணும்" என்றாள்.