ஆய்வு முடியும்வரை

கணவரின் முதுகைத் தன் தோளில் தாங்கியபடி, மருந்துப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டையால் வியாகுலம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் கடலடியில் மூச்சடக்கி வலைச்சிக்கெடுத்த ததேயுஸ், இப்போது படுத்தால் மூச்சு முட்டுமென்று இரவும் பகலும் உட்கார்ந்தே இருந்தார். வடசேரிக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தனியார் மருத்துவமனை, அரசுக் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டு பொது வார்டின் கடைசிக் கட்டிலைக் கொடுத்திருந்தது. ஆக்சிஜன் கேட்டபோதெல்லாம், ஐசியூவில் இடமில்லை என்றார்கள்.

அன்று காலையில் ஊழியன் தங்கையன் தள்ளுகட்டிலோடு வந்தான். ஐசியூவுக்குப் போகலாம் என்றான். அவள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே எல்லாக் கட்டில்களும் காலியாகக் கிடந்தன. கிடந்தவர்கள் குணமாகிப் போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முகமூடியை மாட்டினார்கள்; திரையில் பச்சைக்கோடு துள்ளியது. மெல்ல மெல்ல அவர் உதட்டின் நீலம் மாறியது. தலையணையில் சாய்ந்தவர் குறட்டை விட்டார். வீட்டில் அதற்காக அவரோடு சண்டை போடுகிறவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் காப்பீட்டுத் திட்டத்தின் ஆய்வு அதிகாரி வந்தார். கூடவே வந்த ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார்.

"முதல் நாள்ல இருந்தே ஐசியூன்னுதானே பணம் கேட்டிருக்கீங்க?"

"ஆமா சார். சேந்த நாள்லேந்து இந்தக் கட்டில்தான்" என்றார் மேலாளர் சுயம்புராஜ்.

வியாகுலம்மாள் வாயைத் திறந்தாள். கணவரின் முகமூடிக்குள் நீராவி படிவதும் விலகுவதுமாக இருந்தது. அதிகாரி அவளிடம் குறை ஏதும் உண்டா என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல சாரே. நல்லாப் பாக்காவ."

அவர்கள் மேலாளர் அறைக்குப் போனதும் தங்கையன் அதே தள்ளுகட்டிலோடு வந்து நின்றான்.

"சோதன முடிஞ்சு யக்கா. எறக்கணும்."

"தொடாத லே. ஒறங்குகாரு, கண்ணு தெரியலியா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயைக் கழற்றினான். ததேயுஸ் விழித்துக்கொண்டார்.

"ஏட்டி, இன்னும் கொஞ்சம் ஒறங்குகேன்."

அவள் மேலாளர் அறைக்கு ஓடினாள். அதிகாரி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்து நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் இளநீரைக் கீழே வைக்கவில்லை.

"இப்பத்தானேம்மா குறையில்லன்னு சொன்னீங்க? வீடியோவுல இருக்கு."

"பாலுக்குக் காவல் வந்தியளா, பூனைக்குக் காவல் வந்தியளா சாரே?"

சுயம்புராஜ் கதவைச் சாத்தினார்.

அவள் திரும்பி வந்தபோது ததேயுஸ் பழைய கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தார். கன்னத்தில் முகமூடி அழுத்திய சிவந்த தடம் இன்னும் மாறவில்லை. அவள் அவருக்குத் தோளைக் கொடுத்து, தரையில் கிடந்த அட்டையை எடுத்தாள். எதிரே, ஐசியூ கண்ணாடிக்கு அப்பால், தங்கையன் பச்சைக்கோடு துள்ளிய அந்த இயந்திரத்தைப் பூப்போட்ட துணியால் மூடி, தூசி விழாதபடி நான்கு முனையையும் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.