பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்

"கம்ப்யூட்டர்ல ஆளாளுக்குச் சொந்தமா ஒரு பக்கம் வச்சு எழுதுறாங்களே, அந்த பிளாக்கு. எனக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுக் குடு" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவள் வந்து நின்றபோது சின்னவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டாள். அடுத்த வாரம் எழுத ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்றுகூட அந்த நிமிஷத்தில் அவள் மனசு கணக்குப் போட்டது. எழுதுகிற புத்தி அப்படித்தான், வெட்கம் கெட்டது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். மூத்த மருமகள் பெரியவள், இளைய மருமகள் சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒன்பது வருஷம். சின்னவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கிறவள். பெரியவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது, பெருத்துப்போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவது என்று ஆல்டரேஷன் வேலை பார்க்கிறவள். அவள் குரல் இருக்கிறதே, அப்பப்பா! உள்ளறையில் அவள் 'கத்தரி எங்கே?' என்று கேட்டால் தெருமுனையில் போகிறவன் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான்.

இது சின்னவள் எழுதிய வரி. ஆமாம், அவள் நாலு வருஷமாகப் புனைபெயரில் ஒரு வலைப்பூ வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் டாக்டர் கொடுத்த வேலை போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். மழை, பல்வலி, படித்த புத்தகம் என்று எழுதிய காலத்தில் பத்துப் பேர் எட்டிப் பார்த்தால் பெரிசு. பிறகுதான் பெரியவளை எழுத ஆரம்பித்தாள். அவளுக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்தாள். 'ஒலிபெருக்கி வங்கிக்குப் போகிறாள்', 'ஒலிபெருக்கி ரகசியம் சொல்கிறாள்', 'ஒலிபெருக்கியும் ஊமைப்படமும்.' கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. 'வயிறு வலிக்குது, போதும் விடுங்க' என்று கீழே எழுதிவிட்டு அடுத்தது எப்போது என்றும் கேட்டார்கள்.

அந்தக் குரலுக்குக் காரணம் இருந்தது. பெரியவள் பதினோரு வருஷம் நெசவு மில்லில், தறிகளின் இரைச்சலுக்கு நடுவில் நின்றவள். இடது காது அங்கேயே போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம். தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. சின்னவள் முதல் பதிவிலேயே இதை எழுதித்தான் வைத்திருந்தாள். படித்துப் பார்த்தால், அந்த வரி வந்த இடத்தில் சிரிப்பு செத்துக் கிடந்தது. வெட்டிவிட்டாள். பிறகு அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

"உக்காருங்கக்கா" என்று வலது பக்கம் இருந்த நாற்காலியைக் காட்டினாள். பெரியவள் அளவு எழுதும் நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"எப்படி ஆரம்பிக்கணும்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. பாத்து எழுதிட்டு வந்திருக்கேன். சரியானு சொல்லு" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். சும்மா படித்தாளா, வீடே கேட்கப் படித்தாள். "ஒண்ணு. ஊர் உலகத்துக்கு எழுதாதீர்கள். ஒரே ஒருவரை மனதில் வைத்து எழுதுங்கள். ரெண்டு. வாரம் ஒரு நாள் என்றால் அந்த நாளில் எழுதிவிடுங்கள். காத்திருக்கிறவர்களை ஏமாற்றாதீர்கள். மூணு. உங்கள் வீட்டில் இருப்பவர்களைவிட நல்ல கதாபாத்திரம் வெளியே கிடைக்காது. பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள், போதும்."

சின்னவளின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. 'வலைப்பூ தொடங்குகிறவர்களுக்கு எட்டு யோசனைகள்.' அவள் எழுதியதேதான், ஒரு சொல் மாறவில்லை. யாராவது திருடிப் போட்டிருப்பார்கள், அதை இவள் பார்த்திருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். திருட்டுப்போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"நாலு. சிரிப்பைக் கெடுக்கிற வரியைத் தயவு பார்க்காமல் வெட்டுங்கள்."

கூடத்தில் மாமனாரும் அண்ணன் தம்பி இருவரும் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"எதுக்குச் சாத்துற? புழுங்குது."

"சத்தம் வருதுக்கா." தன் வாயிலிருந்து வந்த சொல் தனக்கே உறைத்தது.

வந்து உட்கார்ந்து, அக்காவுக்குப் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கினாள். பாஸ்வேர்டை அவளையே அடிக்கச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த பக்கம் திறந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம்.

"பக்கத்துக்குப் பேர் கேக்குதுக்கா. என்ன வைக்கலாம்?"

"ஒலிபெருக்கி" என்றாள் பெரியவள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. துணிக்கு என்ன நிற நூல் என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். சின்னவள் அடித்தாள், வேறென்ன செய்ய! அந்தப் பெயராவது இல்லை என்று வராதா என்று பார்த்தாள். பெயர் கிடைக்கிறது என்று பச்சையில் வந்தது. உடம்பெல்லாம் கூசியது. இப்படியே நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

"எப்பலேர்ந்து படிக்கிறீங்க?"

"ஒன்றரை வருஷம் இருக்கும். பேன்ட் குடுக்க வந்த டீச்சர் செல்லுல காட்டிச் சிரிச்சாங்க. வாங்கிப் பாத்தா நம்ம சமையக்கட்டு. மூடி இல்லாத நம்ம டப்பா. குறட்டை விடுற நம்ம மாமனார். யார் எழுதினதுன்னு தெரியாதா எனக்கு?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா நிறுத்திடுவ. நல்லாத்தான் எழுதுற. பேங்க்ல நான் கத்தினதைப் படிச்சுட்டு நானே சிரிச்சேன்." நோட்டின் ஓரத்தை நகத்தால் நீவினாள். "அந்த ரகசியம் சொல்றதுக்குத்தான் சிரிப்பு வரல."

அது என்ன நாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கரு கலைந்து சின்னவள் படுத்துக்கிடந்த மாதம். அவள் தூங்கட்டும் என்று பெரியவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வருகிறவர்களிடம் கிசுகிசுக்கப் பார்த்தாள். வராத கிசுகிசுப்பு. அறைக்குள் படுத்தபடி சின்னவள் அதைக் கேட்டுச் சிரித்தாள், அழுகைக்கு நடுவில். அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துப் பதிவாகப் போட்டுவிட்டாள். எதற்காகக் கிசுகிசுத்தாள் என்பதை வெட்டிவிட்டாள்.

"என் காது விஷயத்தை எப்ப எழுதுவ, எப்ப எழுதுவனு வாராவாரம் பாப்பேன்" என்றாள் பெரியவள். "நீ எழுதவே இல்ல. சரி, அதை நாமளே எழுதிக்குவோம்னுதான் வந்தேன். இந்த 'மி' எங்க இருக்கு? மில்லுன்னு அடிக்கணும்."

சின்னவள் எழுத்தைக் காட்டினாள். பெரியவள் ஒற்றை விரலால், ஊசியில் நூல் கோர்க்கிற கவனத்தோடு, தேடித் தேடி அடித்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"என்ன?"

"மன்னிச்சிடுங்க."

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

வாய் திறந்தது, காற்றுதான் வந்தது.

"அட, வாயைத் தொறந்து சொல்லேன்!"

அது சாத்தின கதவைத் தாண்டிக் கூடத்துக்குப் போய்விட்டது. டிவியின் சத்தம் குறைந்தது. "என்ன அண்ணி, என்ன சொல்றா அவ?" என்று சின்னவளின் கணவன் குரல் கேட்டது. பிறகு காலடிச் சத்தம், கதவை நோக்கி. பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கூந்தலை ஒதுக்கி, வலது காதைச் சின்னவளின் வாய்க்கு நேரே கொண்டுவந்து காத்திருந்தாள்.